கம்பளிக்குள் இரண்டு வால்வுகள்

தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் மின்சாரம் கிடையாது. அதனால்தான் நான் ஹெட்போனில் கேட்க, சத்தத்தைப் பெரிதாக்கும் ஒரு கருவி செய்கிறேன் என்ற செய்தி எட்டியதும் தோட்டத்துக் கிளாக்கர் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

"லயத்துல ஒரு லைட்டு இல்ல, இவன் கரண்டு படிக்கப் போறானாம்!"

வேலைக்கு வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். என் அக்காவும் அதே வரிசையில்தான் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "செய்றேன்னு சொல்லிட்ட. செய்யாம விட்டன்னா, நான் அந்த ஆளு மூஞ்சியில முழிக்கணும். ஞாபகம் வச்சுக்க."

அவளுக்குக் கிளாக்கரின் முகம். எனக்கு வேறொன்று. ஹட்டனில் எங்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாக விஞ்ஞான வகுப்பு தொடங்கியிருந்தார்கள். ஆய்வுகூடத்தில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். விஞ்ஞான வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர், வளவளவென்று பேசமாட்டார். "சொந்தக் கையாலே ஒரு சாமான் செய்து கொண்டுவாரும். என்ரை கண்ணுக்கு முன்னாலே அது வேலை செய்ய வேணும். மூண்டு வாரம் கழிச்சு, திங்கட்கிழமை பத்து மணி. இல்லாட்டி அந்த இடம் வேற ஆளுக்கு" என்றுவிட்டார்.

மூன்று வாரம் இருந்தது. எனக்கு அது தாராளம்.

வால்வு என்பது ஒரு கண்ணாடிக் குமிழ். மெல்லிய சத்தத்தை ஒரு பக்கம் வாங்கி, மறுபக்கம் உரக்கத் தரும். எனக்கு வேண்டியது இரண்டு. அவை எங்கே கிடைத்தன என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு உச்சி குளிர்கிறது: கிளாக்கர் வீட்டுக் குப்பையில்! அவர் புது ரேடியோ வாங்கியதும் பழைய பேட்டரி ரேடியோவைப் பின்பக்கம் வீசியிருந்தார். வால்வுகள் உயிரோடு இருந்தன. பெரிய பேட்டரியிலும் கொஞ்சம் உயிர் மிச்சம். ரேடியோவுக்குப் போதாது, காதுக்குப் போதும். ஹெட்போன், இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துவிட்டுப் போனது. ஹட்டன் பழைய இரும்புக் கடையில் கிடந்தது. கூடவே ஒரு டெலிபோனின் காதுத்துண்டும் கிடைத்தது. அதைத் திருப்பிப் போட்டு மைக் ஆக்கிக்கொண்டேன். அடிப்பலகை, தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகை. வால்வுகளைப் பிடித்து நிறுத்திய தகரமும் அதே பெட்டியின் ஓரத்தில் அடித்திருந்ததுதான். ஈயம் பற்றவைக்கும் கோலை அடுப்பில் காய்ச்சிக் காய்ச்சி ஒவ்வொரு கம்பியாக ஒட்டினேன். ஒன்றுகூட ஆடாது. ஆட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஒற்றை அறையில் ஐந்து பேர் நாங்கள். வைக்க இடம் ஏது? அடுப்புக்கு மேலே, விறகு காயும் பலகையில் வைத்தேன். செய்ததும் அங்கே, இருந்ததும் அங்கே.

சனிக்கிழமை அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நான் மைக்கின் மேல் ஒரு தேயிலைக் கொழுந்தை வைத்து விரலால் தேய்த்தேன்.

"ஐயோ! மலையே சரியுற மாதிரி இருக்குடா!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை விடியற்காலையில் புறப்பட்டோம். ஐந்து மைல். பஸ்ஸின் குலுக்கலில் வால்வு உடையும் என்று நடக்க முடிவு செய்தேன். அக்கா அன்று வேலைக்குப் போகவில்லை. கருவியைத் தன் கம்பளியில் சுற்றிக் கொழுந்துக் கூடைக்குள் வைத்து, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் சுமந்துகொண்டாள். "உன் கையில குடுத்தா ஓடுவ, விழுவ" என்றாள். எதிரே நிற்கும் ஆள் தெரியாத பனிமூட்டம். பேசிக்கொண்டே போய்விட்டோம்.

டவுனில் பேக்கரி வைத்திருந்த முஸ்லிம் பெரியவரை எல்லோரும் 'நானா' என்போம்; அவர் கடையில் தேநீர் குடித்தோம். மணி எட்டு. எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அங்கேயே கூடையை இறக்கினேன்.

"என்னா மகள், கூடைக்குள்ள புள்ளையா?" என்றார் நானா.

"புள்ள மாதிரிதான் நானா. அழாம இருக்கணும்."

அழுதது. ஹெட்போனில் சடசடவென்று எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம், வேறொன்றுமில்லை. மைக்கைத் தட்டினேன். சடசட. கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். எல்லாம் உறுதி. வால்வு வேலை செய்கிறது என்பதற்கு, உள்ளே சின்னச் சிவப்பும் தெரிந்தது. மறுபடி முதல் கம்பிக்கே போனேன்.

அக்கா கம்பளியை மடிக்க எடுத்தவள் நின்றாள். "டேய், இது நனைஞ்சிருக்குடா." அடிப்பலகையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "பலகையும் சில்லுனு இருக்கு."

அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று வாரமும் அடுப்புக்கு மேலேயே இருந்த கருவி பனியைக் கண்டதே இல்லை. கம்பளி பனியைக் குடித்துப் பலகைக்கு ஊட்டிவிட்டது. ஈரப் பலகை வழியாக மின்சாரம், கம்பியை விட்டுவிட்டுக் கள்ளத்தனமாகப் போகிறது. அதுதான் அந்தச் சடசடப்பு. கோளாறு என் வேலையில் இல்லை! சொன்னால் வெட்கக்கேடு, அந்த அவசரத்திலும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான்.

"நானா, போறணையில வைக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே பலகையைத் தூக்கி, ரொட்டி சுடும் அந்தப் பெரிய அடுப்பின் பக்கம் திரும்பினேன்.

அக்கா கையைப் பிடித்தாள். அவள் தேயிலைத் தொழிற்சாலையில், மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிறவள். "பச்சக் கொழுந்த எடுத்து நேரா நெருப்புல போடுவியா? மேல கருகும், உள்ள ஈரம் நிக்கும். மொதல்ல வாட்டணும். காத்து போகணும்."

"பத்து மணிக்கு வாத்தியார் முன்னாடி நிக்கணும்க்கா!"

"நின்னுக்க. யாரு வேணாம்னா?"

பன் தட்டுகள் ஆறும் பலகை, போறணையின் பக்கச் சுவரில் இருந்தது. நானா தட்டுகளை நகர்த்தி இடம் கொடுத்தார். நான் வால்வுகளைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தேன். அக்கா பலகையை நெட்டுக்குத்தாக நிறுத்தி, ஒரு தட்டால் விசிறினாள், புறங்கையால் தொட்டுப் பார்த்தாள், திருப்பினாள், மறுபடி விசிறினாள். வேலைக்குப் போகாத நாளிலும் அதே வேலை. அவள் விசிறும் நேரத்தில் நான் அடுத்ததை யோசித்தேன். காய்ந்தாலும் பள்ளிக்கூடம் வரை பனிதானே? பக்கத்துக் கடைக்கு ஓடி ஒரு மெழுகுவர்த்தி வாங்கிவந்தேன். அக்கா "ம், போதும்" என்றதும் கம்பிக்கும் கம்பிக்கும் இடையில், துளைகளைச் சுற்றி, மெழுகை உருக்கிச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தேய்த்து, வால்வுகளைத் திரும்பச் செருகினேன். வாட்டியது அக்கா, மெழுகு என் மூளை. இதை யாரும் மாற்றிச் சொல்ல விடமாட்டேன்.

வாத்தியாரின் மேசையில் கருவியை வைத்தபோது பத்தாக ஐந்து நிமிடம். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மைக்கின் மேல் வைத்தார். ஹெட்போனை மாட்டினார். கண்ணை மூடினார். பிறகு அவருடைய ஆள்காட்டி விரல் மேசையில் தட்டத் தொடங்கியது. டிக், டிக், டிக். கடிகாரத்தோடு சேர்ந்து.

"வடிவாய்க் கேக்குது" என்றார். "இந்த மெழுகு ஏன்?"

சொன்னேன். அடுப்புப் பலகை, அக்கா கேட்ட கொழுந்துச் சத்தம், பனி, கம்பளி, பேக்கரி, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல். அவர் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெறும் கூடையை வைத்துக்கொண்டு அக்கா வாசலுக்கு வெளியே நின்றாள்.

"அவவை உள்ளே வரச் சொல்லும்."

அக்கா செருப்பில்லாத காலைப் படியில் துடைத்துக்கொண்டு வந்தாள். வாத்தியார் ஹெட்போனைத் தானே அவளிடம் நீட்டினார். அவள் கடிகாரத்தைக் கேட்டாள். "இதவிடக் கொழுந்து நல்லா இருந்துச்சு" என்றாள். அவர் சிரித்ததை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். பிறகு உட்கார்ந்து, வகுப்பு இடாப்பைத் திறந்து, கடைசி வரியில் என் பெயரை எழுதினார். தலைகீழாகவே வாசித்து முடித்தேன்.

திரும்பும்போது கருவியைக் கம்பளியில் சுற்ற அக்கா விடவில்லை. தோட்டத்து எல்லை வந்ததும் கூடையின் மேலாகத் தெரியும்படி எடுத்துவைத்தாள். லயத்துக்குக் குறுக்குவழி இருந்தது. அவள் அதில் திரும்பாமல், கிளாக்கரின் ஆபீஸ் இருக்கும் மேல் ரோட்டில் ஏறினாள்.

"அக்கா, இந்தப் பக்கம் சுத்துவழி."

"தெரியும். பேசாம வா."