ஐந்தாவது டோக்கன்

எனக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறது. என் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது. தூரத்தில் ஒரு மடிக்கணினி மூடிக் கிடக்கிறது. கையை நீட்டுகிறேன், எட்டவில்லை. கனவு அந்த இடத்தில்தான் பொய் சொல்கிறது. அன்று அது எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

பத்து வருடங்களுக்கு முன்னால் தஞ்சாவூரில் ஒரு பொறியாளர் அலுவலகத்தில் இருந்தேன். வாய்க்கால் மதகுகளுக்கும் சிறு பாலங்களுக்கும் வரைபடம் போடுவது தொழில். வரையும் மென்பொருளுக்கு எங்களிடம் இருந்தவை ஐந்து டோக்கன்கள். மென்பொருளைத் திறந்தால் எங்கோ இருக்கும் சர்வர் ஒரு டோக்கனைத் தரும். மூடினால் அது திரும்பிப் போய்விடும். ஆறாவது ஆள் காத்திருக்க வேண்டும். வெளியூர் போகிறவர் ஒன்றைத் தன் மடிக்கணினியில் எடுத்துப் போகலாம். அதைத் திருப்பிவிட அந்தக் கணினியால் மட்டுமே முடியும். இதையெல்லாம் கவனிப்பது என் பொறுப்பு. புதிதாக வருகிறவர்களுக்கு முறைத் தண்ணீரைத்தான் உதாரணம் சொல்வேன். உன் வயலுக்குப் பாய்ந்ததும் மடையை அடை, கீழ்வயல்காரர் நிற்கிறார். எல்லோரும் இந்தப் பக்கத்துக்காரர்கள், ஒருமுறை சொன்னால் போதும்.

என் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. போகும்போது ஒரு டோக்கனை எடுத்துக்கொண்டேன். வேலை எதுவும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மருமகனிடம், ஆபீஸ் என்னை விடாது என்று காட்டிக்கொள்ளும் ஆசை.

அலுவலகத்தில் ஒரு பெண் பொறியாளர் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நடவு வேலைக்குப் போன குடும்பத்தில் முதலில் படித்து வந்தவர். அவரிடம் தனியாகக் கொடுத்த முதல் மதகு வரைபடம் அந்தச் சனிக்கிழமை மாலைக்குள் போக வேண்டும். போனால் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

எங்கள் தலையில் ஊற்றக் கலசங்களைத் தூக்கப்போகும் நேரத்தில் அந்தப் பெண் போனில் அழைத்தார்.

"மன்னிச்சுக்குங்க சார். நாலு பேரும் அவசர வேலையில இருக்காங்க. அஞ்சாவது உங்க பேர்ல வெளிய இருக்கு. லேப்டாப்ப ஆன் பண்ணி திருப்பி மட்டும் விட்டுடுங்க சார், போதும்."

"மாலையும் கழுத்துமா உட்கார்ந்திருக்கேன்மா. முடிச்சிட்டுப் பார்க்கிறேன்."

மைத்துனர் சிரித்தார். "கல்யாண மாப்பிள்ளைய இன்னைக்குக்கூட விட மாட்டாங்களா அத்தான்?"

எனக்கு அது இனித்தது. மடிக்கணினிப் பை என் பின்னால்தான் இருந்தது.

பிறகு தண்ணீர் விழுந்தது. மகள், மருமகன், யாரென்று நினைவுக்கு வராத உறவினர்கள், ஒருவர் மாற்றி ஒருவர். கண்ணை மூடிக்கொண்டேன். நாதஸ்வரம் ஆற்றுக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. மஞ்சள் வாசனை, பக்கத்தில் மனைவியின் ஈரக் கை. நேரம் என்ற ஒன்று கரைந்தே போயிற்று. சாப்பிட்டேன், தூங்கினேன். விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. இனி ஆபீஸில் யார் இருக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். பையைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் முதலாளி கேட்டார். "டோக்கன் கிடைக்காம வரைபடம் போகலன்னு இந்தப் பொண்ணு சொல்லுது. என்ன விஷயம்?"

"வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணே சரியா மூடாம போயிருக்கும் சார், டோக்கன் மாட்டியிருக்கும். புதுசுதானே."

அந்தப் பெண் மூன்றடி தள்ளி நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். மாதக் கடைசியோடு அவரை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது பிள்ளைகள் எழுபதுக்கும் திருக்கடையூர் போகலாம் என்கிறார்கள். இன்னொரு தடவை அந்தத் தண்ணீரைத் தலையில் வாங்க மனம் வரவில்லை. அந்தப் பெண் இருக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு தாராசுரம் போனேன். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் அவர் சொந்தமாக வரைபட அலுவலகம் நடத்துகிறார். எந்த டோக்கன் யாரிடம், எப்போது திரும்பும் என்று சுவர்ப் பலகையில் எல்லோருக்கும் தெரிய எழுதியிருந்தது.

"வாங்க சார், உட்காருங்க" என்றார். டீ வந்தது. அன்று நடந்ததையும் நான் சொன்ன பொய்யையும் சொல்லி முடித்தேன்.

"இது எனக்குத் தெரிஞ்சதுதானே சார்" என்றார். "தெரியாதவங்ககிட்டத்தான் சொல்லியிருக்கணும்."

முதலாளி இறந்து மூன்று வருடமாகிறது. அன்று அந்த அறையில் இருந்தவர்களில் இருவரைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். "அப்படியா சார்? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார் ஒருவர். மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பெண் எதையும் திறந்துபோட்டுவிட்டுப் போகவில்லை. ஐந்தாவது டோக்கன் என்னிடம் இருந்தது.