என் பெண் பக்கத்து வீட்டில்தான் பேசுவாள்

படப்பையில் நாங்கள் குடியிருக்கும் மாடியில் இரண்டு போர்ஷன். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அங்கிருந்து என் மகளின் குரல் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். என்ன பேசுகிறாள் என்பது புரியாது, விடாமல் பேசுகிறாள் என்பது மட்டும் நன்றாகப் புரியும். வாசலைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் வந்ததும் அதே வாய் மூடிக்கொள்ளும். "ஸ்கூல் எப்படிப் போச்சு?" என்றால் "போச்சு." "மதியம் சாப்டியா?" என்றால் "சாப்டேன்." எனக்கு ஒரு சொல், பக்கத்து வீட்டுக்காரிக்கு முழு நீளக் கதை.

அவள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. ஸ்ரீபெரும்புதூரில் ஏதோ ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் காண்ட்ராக்டில் இருக்கிறாள், பெரும்பாலும் நைட் ஷிப்ட். புருஷன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். குழந்தை இல்லை. நான் ஒரகடத்தில் காருக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் மறைமலை நகரில். எனக்குக் காலை ஷிப்ட் என்றால் அவருக்கு மதியம், அவருக்கு நைட் என்றால் எனக்கு ஓவர்டைம், ஓடி. ஆறாவது படிக்கிற பெண் சாயங்காலம் ஸ்கூல் வேனில் வந்து இறங்கும்போது எங்கள் வீடு பூட்டியிருக்கும், பக்கத்து வீடு திறந்திருக்கும். அவள்தான் தூங்கி எழுந்து, டீ போட்டுக் கொடுத்து, தலை பின்னிவிட்டு, நான் வரும்வரை வைத்துக்கொள்வாள்.

சும்மா சொல்லக் கூடாது, பெரிய உபகாரம்தான். அதற்குக் காசு கொடுத்தாலும் வாங்க மாட்டாள். அதுவும் எனக்கு எரிச்சல்தான். வாங்கியிருந்தால், பிள்ளை பார்த்துக்கொள்ள ஆள் போட்டிருக்கிறேன் என்று நினைத்து நிம்மதியாக இருந்திருப்பேன்.

போன வருடம் பள்ளி திறந்து கொஞ்ச நாளிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் வேலையே சந்தேகப்படுவதுதான். லைனில் வருகிற ஒவ்வொரு பாகத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால், பிசிறு இருந்தால் எடுத்துத் தனியே போட வேண்டும். வீட்டிலும் அந்தக் கண் சும்மா இருக்குமா? மகளின் ஒரு பக்க ரிப்பன் காணாமல் போயிருந்தது. தொடையில் பட்டையாகச் சிவந்த தடம். கேட்டால் வேனில் பை அழுத்திவிட்டது என்றாள். ஒரு பைக்கு அத்தனை தடமா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பிள்ளைகளே படுத்துகிற கதைகள் எங்கள் கம்பெனி பஸ்ஸில் தினமும் ஓடும். ஒருத்தி மகனின் டிபன் பாக்ஸில் மண்ணைக் கொட்டிவிட்டார்களாம், இன்னொருத்தி மகள் பாத்ரூம் போகவே பயந்து தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாளாம்.

எங்கள் கம்பெனியில் ஒரு தப்பு நடந்தால் 'ஒய் ஒய்' போடுவோம். பாகத்தில் கீறல். ஏன்? கீழே விழுந்தது. ஏன் விழுந்தது? ட்ரே சரியில்லை. ஏன் சரியில்லை? இப்படி ஏன், ஏன் என்று அஞ்சு தடவை கேட்டால் மூல காரணம் வந்து நிற்கும் என்பது எங்களுக்குக் கொடுத்த பயிற்சி. நானும் மகளை நாற்காலியில் உட்காரவைத்து ஆரம்பித்தேன்.

"ரிப்பன் ஏன் காணோம்?"

"அவுந்துடுச்சு."

"ஏன் அவுந்துச்சு?"

"இழுத்துட்டாங்க."

"ஏன் இழுத்தாங்க?"

பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் ஒண்ணும் பண்ணலம்மா" என்றாள். எனக்கு அந்த முகம் தெரியும். லைனில் தப்பு நடந்ததும் நான் போய் நின்றால் ஆபரேட்டர் பையன்கள் வைத்துக்கொள்கிற முகம். இந்தப் பொம்பளை இடத்தைக் காலி பண்ணினால் போதும் என்கிற முகம். கேள்வி கேட்டதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. பெற்றவள் கேட்காமல் வேறு யார் கேட்பது?

பக்கத்து வீட்டுக்காரி கேட்கவே மாட்டாள். அதுதான் அவளுடைய சாமர்த்தியம். ஒரு சனிக்கிழமை அவள் வீட்டு வாசலில் மூன்று பேரும் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். அவள் பாட்டுக்குத் தன் சூப்பர்வைசரைத் திட்டத் தொடங்கினாள். "நேத்து என்னைய எல்லார் முன்னாடியும் கையத் தூக்கிட்டு நில்லுங்காரு, கேட்டியாட்டி. எனக்கு அழுகையா வருது. பாத்ரூமுக்குள்ள போயி அழுதுட்டு மூஞ்சியக் கழுவிட்டு வாரேன், கண்ணு மட்டும் செவசெவன்னு கெடக்கு." இதையெல்லாம் சின்னப் பிள்ளையிடம் சொல்வார்களா என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் மகள் என்னவென்றால் உரித்த பட்டாணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "அப்புறம் என்னாச்சுக்கா?" என்று அவள் முகத்தையே பார்க்கிறாள்.

நானும் அந்த வித்தையைச் செய்து பார்த்தேன். மறுநாள் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எங்கள் மேனேஜர் என்னைத் திட்டிய கதையை உருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, நான் ஹோம்வொர்க் எழுதட்டா?" என்றாள்.

தீபாவளி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரியே என் கதவைத் தட்டினாள். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு பிள்ள சத்தியம் வாங்கிருக்காக்கா. மனசு கேக்கல." வேனில் மூன்று பெண்கள், எங்கள் தெருக்கோடியில் புதிதாக வந்த வில்லாக்களில் இருக்கிறவர்கள். என் மகளுக்கு 'ஹெல்பர்' என்று பேர் வைத்திருக்கிறார்களாம். அம்மா கம்பெனி பஸ்ஸில் போகிறவள்தானே, நீயும் அங்கேதான் போவாய், இப்போதே பழகிக்கொள் என்று மூன்று பைகளையும் அவள் மடியில் ஏற்றிவிடுவார்களாம். இறக்கி வைத்தால் முடியைப் பிடித்து இழுப்பார்களாம்.

அந்த மூன்று பெண்கள் மேல் எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் பின்னால்தான் வந்தது. முதலில் என் வாயிலிருந்து விழுந்தது, "உனக்கு எவ்ளோ நாளா தெரியும்?" என்பதுதான்.

"பள்ளிக்கூடம் தொறந்ததுல இருந்துக்கா" என்றாள்.

இத்தனை மாதமும் நான் என் பெண்ணை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவளோ பட்டாணி உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கிறாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுப் பள்ளிக்கூடம் போனேன். விவரமெல்லாம் அவளுக்குத்தான் தெரியும் என்பதால் அவளையும் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. தலைமை ஆசிரியை அந்தப் பெண்களின் பேர் கேட்டார், எனக்குத் தெரியவில்லை, அவள் சொன்னாள். எந்தக் கிழமை முடியை இழுத்தார்கள் என்று கேட்டார், அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டுகிறது. தலைமை ஆசிரியை தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி, "அழாதீங்கம்மா, நாங்க பாத்துக்கறோம். உங்க பொண்ணு நல்லா படிக்கிற பொண்ணு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க அவங்க சொந்தமா?" என்று கேட்டார்.

"நான்தான் அம்மா" என்றேன். அந்த அறையில் அதைச் சொல்லும்போது பொய் சொல்கிற மாதிரி இருந்தது. திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளோ, "நல்லதாப் போச்சுல்லக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வேனில் இடம் மாற்றினார்கள். தடம் மறைந்தது, ரிப்பன் இரண்டும் ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தன. பொங்கலுக்கு அப்புறம் ஒன்று கவனித்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தமும் நின்றுபோயிருந்தது. சாயங்காலம் நான் படியேறும்போது இரண்டு பேரும் டிவி முன்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். கவலைப்பட வேண்டிய விஷயம்தான். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருந்தது.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை மொட்டை மாடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். போர்வையைப் பிழிய மகளைக் கூப்பிட்டேன். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. முறுக்கிக்கொண்டிருக்கும்போது எதிர் முனையிலிருந்து சொன்னாள். "ம்மா, ஒண்ணு சொல்றேன். ஏன்னு கேக்கக் கூடாது. ஸ்கூலுக்கும் வரக் கூடாது."

தலையாட்டினேன். வாயைத் திறந்தால் ஏன் என்றுதான் வரும் என்று பயம்.

"கிளாஸ்ல என்கிட்ட யாரும் பேசறதில்ல. நீங்க வந்துட்டுப் போனதுக்கு அப்புறம்தான். யாராச்சும் பேசினா அவங்களயும் சேத்துக்க மாட்டாங்க. லஞ்ச்ல நான் போய் உக்காந்தா நெருக்கி உக்காந்துக்கறாங்க, எடம் இல்லங்கறாங்க. நான் பின்னாடி ஜன்னல் கிட்ட உக்காந்து சாப்பிடறேன்." போர்வையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "நீ ஒண்ணும் பண்ண வேணாம். உனக்குத் தெரிஞ்சா போதும்."

அந்த நேரத்தில் ஒரு தாய் என்ன கேட்பாள்? நான் கேட்டது இது. "பக்கத்து வூட்டு அக்காகிட்ட சொல்லிட்டியா?" அன்றைக்கு அவளுக்கு ஓடி. ஆள் இல்லை என்பதால்தான் என்னிடம் வந்திருக்கிறாள் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"இல்ல. அவங்ககிட்ட சொல்லல."

"அப்புறம் சொல்லுவியா?"

"மாட்டேன். அவங்க அழுவாங்க, பாவம். நீ கத்துவ. அது பரவால்ல."

அவளைப் பாவம் பார்த்துத்தான் என்னிடம் வந்திருக்கிறாள். அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. என்னிடம் சொன்னாள், அவளிடம் சொல்லவில்லை. அவ்வளவுதான் உள்ளே போனது. மீதித் துணிகளைப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே அலசினேன். அன்று ராத்திரி மகளுக்குப் பிடித்த முட்டைத் தொக்கு வைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் நான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவள் நைட் ஷிப்ட் முடிந்து படியேறி வந்தாள். கண்ணெல்லாம் தூக்கம். கையில் மகளுக்கு வாங்கிய பன் பொட்டலம். "அக்கா, பிள்ள என்கிட்ட பேசவே மாட்டேங்கா. என்ன தப்பா நடந்துக்கிட்டேன்னு தெரியல. ஒங்ககிட்ட எதும் சொன்னாளா?"

இந்தக் கேள்வியை அவளிடம் கேட்கத்தான் நான் இத்தனை நாளும் துடித்துக்கொண்டிருந்தேன். "சொன்னாளே" என்றேன்.

"என்னக்கா சொன்னா?"

"அது எங்களுக்குள்ள. நீ போய்த் தூங்கு." அவள் பன்னை எந்தக் கைக்கு மாற்றுவது என்று தெரியாமல் நின்றாள். நான் இறங்கிவிட்டேன். மகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். அப்படி இல்லை. இன்பமாக இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. காலை முழுக்க என் கை பறந்தது. பக்கத்தில் நிற்கிறவள்கூட, "இன்னாக்கா, இன்னிக்கு ஒரே குஷியாக் கீற?" என்று கேட்டாள். சிரித்து வைத்தேன்.

மதியம் கேன்டீனில் கூட்டம். தட்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன். எங்கள் லைன் பெண்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் இடமே இல்லை. அதிலிருந்து ஒருத்தி கை தூக்கினாள். "இன்னாக்கா நின்னுகினு கீற? இங்க வா, குந்து." சொல்லிக்கொண்டே அவள் நகர்ந்தாள். அவள் நகர, அடுத்தவள் நகர்ந்தாள். கடைசியில் இருந்தவள் பாதி பெஞ்சுக்கு வெளியே தொங்கிக்கொண்டு, சாம்பார் சாதத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி சிரித்தாள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் வந்துவிட்டது.

சுவரில் மணியைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்திலும் இப்போதுதான் சாப்பாட்டு மணி அடித்திருக்கும்.

"வாக்கா, ஆறிடப் போவுது" என்று மறுபடியும் கூப்பிட்டார்கள்.

என்னிடம்தான் சொன்னாள், என்னிடம்தான் சொன்னாள் என்று இரண்டு நாளாகக் குதித்துக்கொண்டிருந்தேன். என்ன சொன்னாள் என்பது அப்போதுதான் என் காதில் விழுந்தது.