பதினான்கில் பன்னிரண்டு

மாட்சுயாமா நகரில் பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்த்த ஷிகேமிக்கு அந்தப் பிப்ரவரியில் கடும் காய்ச்சல். எழுந்திருக்க முடியாமல் கிடந்தவள் கணவன் தெட்சுரோவிடம், "இன்னிக்கி என்னால சமைக்க முடியாதுங்க" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு வெளியே போய்ச் சாப்பிட்டு, வெறுங்கையோடு திரும்பினார்.

"எனக்கு?"

அவர் வியப்போடு பார்த்தார். "உனக்கு வேணும்னு நீ சொல்லலையே."

இருபத்துமூன்று வருடமாக இப்படித்தான். கெட்டவர் என்று சொல்ல முடியாது. குடிப்பதில்லை, கை ஓங்கியதில்லை. லிஃப்ட் பழுதுபார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவள் அப்பாவின் இறுதிச் சடங்கில், அழுதுகொண்டிருந்த சொந்தக்காரர்களிடம் தகன அடுப்பு எத்தனை டிகிரியில் எரியும் என்று விளக்கியவர். அன்றோடு ஷிகேமியின் தங்கை இவர்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். யாரிடம் போய் அழுவது? சொன்னால், "எல்லா ஆம்பளையும் அப்படித்தான்" என்று சிரிப்பார்கள்.

கூட வேலை பார்த்த நொகாமி சிரிக்கவில்லை. அவள் மகனுக்கும் இதே போக்கு. அண்டா கழுவிக்கொண்டே கேட்டாள்: "சத்தம் ஆகாதா? தினமும் ஒரே சாப்பாடா? கிண்டலா சொன்னா நெசம்னு எடுத்துக்குவாரா?"

ஷிகேமியின் கை நின்றது. "எங்க வீட்ல ஒளிஞ்சிருந்து பாத்தியா?"

"ஆஸ்பெர்ஜர்னு ஒரு மூளை அமைப்பா இருக்கலாம்டி. அத நீயும் நானும் முடிவு பண்ணக் கூடாது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்று கேள்விகள் அச்சடித்த துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்தாள்.

சண்டை வருமென்று பயந்துகொண்டே ஷிகேமி அதை மேசையில் வைத்தாள். தெட்சுரோ பென்சில் எடுத்து ஒவ்வொன்றாகக் குறித்தார்.

"பதினாலுல பன்னெண்டு எனக்குச் சரியா வருது. ஒம்பதாவது கேள்வி தெளிவா இல்ல."

மருத்துவர் மூன்று முறை வரச் சொன்னார். தெட்சுரோவின் சிறுவயதுப் பள்ளி அறிக்கையைக்கூடக் கேட்டு வாங்கினார். 'தனியாகவே விளையாடுகிறான், பிறர் மனம் அறியப் பழக வேண்டும்' என்று ஆசிரியை அன்றே எழுதியிருந்தார்.

"முன்ன ஆஸ்பெர்ஜர்னு சொன்னத இப்போ ஆட்டிசம்னுதான் சொல்றோம்" என்றார் மருத்துவர். "பிறவியிலேயே அமைஞ்சது. மருந்து கொடுத்து மாத்துற விஷயமில்ல."

வெளியே டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள்.

"இத்தன வருஷமா நீ கஷ்டப்பட்டியா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாமே."

சொல்லத்தான் செய்தாள், முகத்தைத் தூக்கிவைத்து, கதவை அறைந்து, நாள்கணக்கில் பேசாமலிருந்து. அதில் ஒன்றுகூட அவருக்கு எட்டவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோபப்படவும் தெம்பில்லை.

"நானும் ஓஞ்சுபோயிட்டேன், ஷிகேமி" என்றார் அவர், தண்டவாளத்தைப் பார்த்தபடி. "மத்தவங்க எப்போ சிரிக்கிறாங்கன்னு பாத்துப் பாத்துச் சிரிச்சே."

டிராம் வந்தது, போனது. இருவரும் எழுந்திருக்கவில்லை.