பின் கட்டடம் வரைக்கும்

அவசர சிகிச்சைப் பிரிவில் ஸ்ட்ரெச்சர் தள்ளுவது என் வேலை. எனக்கு அதிகம் பேச வராது. டாக்டர் சீட்டு எழுதித் தருவார், எங்கே போகவேண்டும் என்று நோயாளி என்னைக் கேட்பார், நான் கையைக் காட்டுவேன். வருடக்கணக்காக அப்படித்தான்.

அன்று தாயில்பட்டியிலிருந்து ஒரு பட்டாசுத் தொழிலாளியை மூச்சு அடங்கப்போகும் நிலையில் கொண்டுவந்தார்கள். முன்பு ஒரு விபத்தில் இரண்டு கையும் வெந்தவர். வலி மாத்திரையை அளவில்லாமல் விழுங்கியிருந்தார். ஊசி போட்டு எழுப்பினார்கள்.

"இவ்வளவு மாத்திரை எப்படிக் கிடைச்சது?" என்றார் டாக்டர்.

மனைவி பையிலிருந்து ஒரு மருந்துச் சீட்டை எடுத்தார். மூன்று வருடம் முன்பு கை வெந்தபோது ஐந்து நாளைக்கு எழுதியது. லேமினேஷன் போட்டிருந்தது.

"கிளிஞ்சிரக் கூடாதுன்னு நான் வேல பாக்குற பிரஸ்ல போட்டேன் சார். இதக் காட்டுனா மெடிக்கல்ல குடுத்துருவாக."

மூன்று வருடமாக அந்தக் கடைக்காரனுக்கு ஐந்து நாள் முடியவே இல்லை.

மறுநாள் காலை அனுப்பும்போது டாக்டர் வேறொரு சீட்டு எழுதினார். மாத்திரைப் பழக்கத்தை விடச் சிகிச்சை, மனநலப் பிரிவு, பின் கட்டடம். அதோடு அவர் பொறுப்பு தீர்ந்தது.

வெளியே வந்து அதைப் படித்த கணவருக்கு வியர்த்துக் கொட்டியது. மூக்கு ஒழுகியது, உடம்பு நடுங்கியது; பழகிய மாத்திரை நின்றால் இப்படித்தான் ஆகும். "என்னைய மெண்டல்ங்காக. தெரிஞ்சா கம்பெனிக்குள்ள எவன் விடுவான்? வா, பஸ்ஸுக்குப் போவோம்."

அவர் போவது பஸ்ஸுக்கு இல்லை, மெடிக்கலுக்கு. இப்படிப் போன ஒருவர் திரும்பி வந்தபோது, நான் ஸ்ட்ரெச்சரைப் பிணவறைக்குத்தான் தள்ளினேன். அவருக்கும் பின் கட்டடத்துக்கு நான்தான் கை காட்டியிருந்தேன்.

வீல்சேரை இழுத்து வந்தேன். "ஏறுங்க."

பின் கட்டடத்தில் பதிவு செய்கிறவர் தலையை நிமிர்த்தவில்லை. "புதுசு எல்லாம் வியாழக்கிழமை."

"அதுவரைக்கும் இவுக என்னத்தத் திங்கணும்? அதே மாத்திரையவா?"

"நீ யாரும்மா? சொந்தமா?"

"ஸ்ட்ரெச்சர் தள்ளுறவ."

பெஞ்சில் இருந்த ஒருவர் சிரித்தார். "ஸ்ட்ரெச்சர் தள்ளுற அம்மா இன்னிக்கு ஆளையே தள்ளிப்புடும் போலருக்கே!"

"யக்கா, விடுங்க. கூட்டம் பாக்குது," என்றார் வீல்சேரில் இருந்தவர்.

"பாக்கட்டும். நேத்து மூச்சில்லாமக் கெடந்தீகளே, அப்ப எவன் வந்து பாத்தான்?"

நான் போட்ட சத்தத்தில் உள்ளேயிருந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். சீட்டை வாங்கிப் படித்துவிட்டு அவரை உள்ளே அழைத்துக்கொண்டார். பழக்கத்தை விடக் கொடுக்கும் மாத்திரை ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்து உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் குறைந்தது. நாளையும் வரவேண்டும், தினமும் வரவேண்டும் என்றார்.

பதிவு செய்கிறவர் என்மேல் புகார் எழுதினார். எழுதட்டும்.

மறுநாள் எட்டரைக்கே கணவனும் மனைவியும் வந்துவிட்டார்கள். ஒன்பது தாண்டியும் பின் கட்டடம் பூட்டித்தான் கிடந்தது. அவர் கிளம்பிவிடுகிறவர் போல ஆஸ்பத்திரியின் வெளிவாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். சாவிக்காரர் வரும்வரை அவர் பக்கத்திலேயே நின்றேன். என்னை ஸ்ட்ரெச்சருக்குத் தேடி இரண்டு முறை ஆள் வந்தது. நான் நகரவில்லை.