இரவல் போய்வந்த குண்டு விளக்குகள்

என் மாமனார் காலமான பிறகு பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டபோது, கண்ணாடிக் குண்டு விளக்குகளை யாரும் தங்கள் பங்குக்குக் கேட்கவில்லை. வயலுக்கும் வெண்கலப் பானைகளுக்கும் நாள் கணக்கில் வாதாடியவர்கள் இவற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. அத்தை எங்களோடு பாளையங்கோட்டைக்கு வருவதென்று முடிவானபோது விளக்குகளும் அவரோடு வண்டியில் ஏறின. அத்தை என்றால் என் கணவரின் தாயார்.

நீலம், பச்சை, சிவப்பு என்று நிறத்துக்கு ஒரு ஜோடியாக வாங்கியவை அவை. ஒவ்வொன்றும் ஒரு சிறு பூசணிக்காய் அளவு இருக்கும். கழுத்தில் பித்தளை வளையம், அதிலிருந்து மூன்று சங்கிலி. திருநெல்வேலி வீட்டுக் கூடத்தில் உத்தரத்திலிருந்து தொங்கியபோது அவை எனக்கு அழகாகத்தான் தெரிந்தன. பாளையங்கோட்டையில் தாலுகா கச்சேரிக்குப் பக்கத்தில் நாங்கள் வாடகைக்குப் பிடித்த வீடு தாழ்வானது. என் கணவரே நிலையில் குனிந்துதான் நுழைவார். அங்கே அவற்றை எங்கே தொங்கவிடுவது? ஓலைக் கடகங்களில் வைக்கோலைப் பரப்பி, விளக்குகளைப் புதைத்து, அறையின் ஓரத்தில் வரிசையாக வைத்திருந்தோம். என் பிள்ளை தவழ்வதற்கும் அந்த ஓர் அறைதான் இருந்தது.

எனக்கு முதலில் பிறந்த குழந்தை தங்கவில்லை. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு பிறந்த இவளை நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மட்டும் சொல்கிறேன். ஒருநாள் உலையில் அரிசி போட்டுவிட்டுத் திரும்பினேன். அவள் ஒரு கடகத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். வலக்கை மூடியிருந்தது. விரல்களைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு பச்சைக் கண்ணாடிச் சில். எப்போதோ எதிலிருந்தோ பெயர்ந்து வைக்கோலில் கிடந்திருக்க வேண்டும். கையில் கீறல்கூட இல்லை. ஆனாலும் அவள் வாய்க்குள் விரலை விட்டு, நாக்கின் அடியிலும் கன்னத்திலும் துழாவினேன். அவள் வீறிட்டு அழுதாள். அன்றிலிருந்து அவள் கையைப் பிரித்துப் பார்ப்பதும் வாயைத் திறந்து பார்ப்பதும் எனக்கு வழக்கமாகிவிட்டது.

விளக்குகளை விற்றுவிடலாம் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் விளக்குக் கடகங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அம்மாட்ட நீயே கேளு" என்றார்.

அவர் ஏன் தயங்கினார் என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த விளக்குகள் எங்கள் கூடத்தில் தொங்கியதைவிட மற்றவர்கள் வீட்டுக் கல்யாணப் பந்தலில் தொங்கியதுதான் அதிகம். தெருவில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும், ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வந்து விளக்கை இரவல் கேட்பார்கள். வாடகை கிடையாது. உடைந்துபோனால் விலையும் கேட்பதில்லை. உடைந்த விளக்கின் பித்தளை வளையத்தையும் ஒரு தேங்காயையும் கொண்டுவந்து வைப்பார்கள், அவ்வளவுதான். மாமனார் இருந்த காலத்தில் விளக்குகளோடு அத்தையும் பந்தலுக்குப் போவாராம். எந்த நிறம் மணவறைக்கு மேலே, எந்த நிறம் வாசலுக்கு என்று அவர் சொல்லித்தான் கட்டுவார்களாம்.

தாலி இறங்கிய பிறகு அத்தையை எந்தக் கல்யாணத்துக்கும் யாரும் அழைக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் விளக்குக்காக வந்தார்கள். நாங்கள் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகும் பழைய தெருக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு ஆற்றுப்பாலம் தாண்டி வந்தார்கள். வந்தவர்கள் அத்தைக்கு முன்னால் உட்கார்ந்து, மாப்பிள்ளை எந்த ஊர், என்ன உத்தியோகம், பெண்ணுக்கு என்ன நிறத்தில் கூறைப்புடவை, சமையலுக்கு யார் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அத்தை விளக்குகளைக் கழுநீரில் கழுவி, பழைய வேட்டியால் துடைத்து, கையில் கொடுக்காமல் தரையில் வைப்பார். அவர்கள் தரையிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

இதெல்லாம் தெரிந்துதான் கேட்டேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு எழுத்தும் கணக்கும் தையலும் சொல்லிக்கொடுத்தார்கள். மாமியாரிடம் இப்படி ஒன்றை எப்படிக் கேட்பது என்பதை அங்கே யாரும் சொல்லித்தரவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டேன். பிள்ளை இல்லாமல் தனியாகப் போய்க் கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது. அவளை வைத்துக்கொண்டு கேட்டால் அவர் எப்படி மாட்டேன் என்பார்?

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்தார்.

"பிள்ளை இருக்க வீடு. வித்துருங்க" என்றார். மறுபடியும் கீரையை எடுத்துக்கொண்டார்.

என் கணவருக்குத் தெரிந்தவர் மூலமாக அம்பாசமுத்திரத்து நெல் வியாபாரி ஒருவர் வருவதாகச் சொல்லி அனுப்பினார். அவர் மகளுக்குத் தையில் கல்யாணம். கார்த்திகையில் ஒரு நல்ல நாள் பார்த்து, தம் தமக்கையையும் அழைத்துக்கொண்டு ரயிலில் வந்தார். விளக்குகளை ஏற்றிக் காட்ட வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தார்கள். ஏற்றாமல் கண்ணாடியை மட்டும் பார்த்து என்ன தெரியும்?

கல்யாண காரியமாக வருகிறவர்கள் கண்ணில் தாம் படக்கூடாது என்று அத்தை அடுக்களைக்குள் போய்விட்டார். போகும் முன்பு எனக்கு வேண்டியதையெல்லாம் எடுத்து வைத்திருந்தார். கொடியில் விளக்குகளைக் கட்டி, எண்ணெய்க் கிண்ணம், திரி, திரியைத் தாங்கும் தகரத் துண்டுகள், பக்கத்தில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர். நான்தான் ஏற்ற வேண்டும். அதுவரை அந்த விளக்குகளை நான் ஏற்றியதில்லை.

வந்த அம்மாள் உட்கார்ந்ததும், "வெயில்ல வந்தது, நாக்கு வறளுது" என்றார். நான் பக்கத்திலிருந்த செம்பை எடுத்துக் கொடுத்தேன். அவர் அண்ணாந்து குடித்துவிட்டு மீதியைத் தம்பிக்குக் கொடுத்தார். அவரும் குடித்து முடித்தார்.

கண்ணாடி விளக்கில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி அதன்மேல் எண்ணெயை மிதக்கவிட வேண்டும். சுடர் கண்ணாடியைத் தொடாதபடி காப்பது அந்தத் தண்ணீர்தான். அத்தை அதற்காகத்தான் செம்பை அங்கே வைத்திருந்தார். வீட்டிலிருந்த குத்துவிளக்கும் அகலும் மட்டுமே ஏற்றிப் பழகிய நான் வெறும் எண்ணெயை ஊற்றினேன். அதிலும் கொஞ்சம்தான் ஊற்றினேன். பிள்ளை இடுப்பில் நெளிந்துகொண்டிருந்தாள். முதலில் நீலத்தை ஏற்றினேன்.

ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கியிருந்த அறை நீலமாயிற்று. பிள்ளை நெளிவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் வியாபாரி.

அடுத்ததற்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நீல விளக்கின் அடியிலிருந்து கழுத்துவரை ஒரு கோடு ஓடியிருந்தது. எண்ணெய் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. சுடர் அணைந்தது.

அந்த அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். "கல்யாண வெளக்கு வாங்க வந்த எடத்துல, கண்ணு முன்னால வெடிக்குதே! என்ன தம்பி இது?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். இடுப்பிலிருந்த பிள்ளையையும் பார்த்தார். "இது ஒனக்கு மொதப் பிள்ளையா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததே அவருக்குப் போதுமாயிருந்தது.

"அதான் பாத்தேன். கை ராசின்னு ஒண்ணு இருக்குல்லா. வா தம்பி, போவோம். இந்த வீட்டு வெளக்கு நமக்கு வேண்டாம்."

வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கு விளக்கு விற்காமல் போவது பெரிதாகத் தோன்றவில்லை. அந்த ஒரு சொல் அம்பாசமுத்திரம்வரை போகும், அங்கிருந்து எங்கள் பழைய தெருவுக்கும் வந்துசேரும், என் பிள்ளை தும்மினாலும் இருமினாலும் இனி அதைத்தான் சொல்வார்கள் என்று தோன்றியது. நானே அதை நம்ப ஆரம்பித்துவிடுவேன் என்றும் பயந்தேன்.

அப்போது அடுக்களை வாசலில் அத்தை வந்து நின்றார். வெள்ளைச் சேலையை இழுத்துத் தலையை மூடியிருந்தார். அந்த அம்மாள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்க. அது அவ கையில ஒடையல" என்றார் அத்தை. "போன ஆனியில ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்ததுலேருந்தே அதுல கீறல் உண்டு. நாந்தான் கீறல் பக்கத்தைச் சுவரோட திருப்பி வச்சிருந்தேன். இன்னைக்கும் சொல்லாமத் தள்ளிரலாம்னுதான் இருந்தேன். பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்ப எங்கள ஏமாத்தப் பாத்தியளா?" என்றார் அந்த அம்மாள், முகத்தைத் திருப்பியபடியே.

வியாபாரி முதலில் அத்தையைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. "ஏக்கா, நான் மட்டும் பதரும் சாவியுமான நெல்ல மூட்டைக்கு மேலயா வைக்கேன்? அடியிலதான் வைக்கேன். வித்தா எல்லாரும் இதத்தான் செய்யுதாங்க. சகுனம்னா பயப்படலாம். கீறலுக்கு என்னத்துக்குப் பயப்படணும்? வெலையில கழிச்சிக்கிடலாம்" என்று சிரித்தார். அப்படியே உட்கார்ந்து பேரம் பேசத் தொடங்கிவிட்டார். மறுபடி அடுக்களைக்குள் போன அத்தை அங்கிருந்தே சொல்லச் சொல்ல, நான் தண்ணீர் ஊற்றி மற்ற விளக்குகளை ஏற்றினேன். "பைய ஊத்து, பைய" என்ற அவர் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. உடைந்தது போக மற்றவற்றை எல்லாம் கடகங்களோடு எடுத்துக்கொண்டு அவர்கள் மாலை ரயிலுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் அத்தை ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தபோது உடைந்த விளக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பழைய கீறலென்றால் அதில் அழுக்கும் எண்ணெயும் ஏறிக் கறுத்திருக்கும். இது நூல் பிடித்ததுபோல் சுத்தமாக இருந்தது. அதைப் பார்க்காமலேயே எனக்குப் பொய் தெரிந்திருக்க வேண்டும். சுவரோடு திருப்பி வைப்பதற்கு அந்த விளக்குகள் எங்கள் வீட்டில் சுவரோரம் நின்றதே இல்லையே, வைக்கோலுக்குள் அல்லவா கிடந்தன.

அவர் அடுக்களையிலேயே இருந்திருக்கலாம். வியாபாரி போயிருப்பார். விளக்குகள் வீட்டிலேயே தங்கியிருக்கும். அதற்குப் பிறகு விற்கிற பேச்சை நானும் எடுத்திருக்க மாட்டேன். தையில் யாராவது வந்து அவர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். இதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் அவர் வாசலுக்கு வந்தாரா, யோசிக்காமல் வந்தாரா? கேட்க வேண்டும் என்று பலமுறை நினைத்தேன். கேட்டால் அவர் என்னிடமும் அந்தப் பொய்யையே சொல்லவேண்டி வரும் என்று விட்டுவிட்டேன். அது மரியாதையா, என் கோழைத்தனமா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை குளித்துவிட்டு வந்து, உடைந்த விளக்கைப் பின்கட்டில் முருங்கை மரத்தடியில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார். அதன் பித்தளை வளையத்தை மட்டும் எடுத்துக் கழுவித் தம் பெட்டியில் போட்டுக்கொண்டார்.

தை பிறந்தது. பழைய தெருவிலிருந்து ஒரு அம்மாள் வண்டியில் வந்து இறங்கினார். கையில் தாம்பாளம். வாசலிலேயே முகமெல்லாம் சிரிப்பு.

"மதினி, எளைய பொண்ணுக்குக் கல்யாணம். வெளக்குக்கு வந்திருக்கேன்" என்றார்.

"வெளக்க வித்தாச்சுளா" என்றார் அத்தை.

"வித்துட்டியளா? எதுக்கு, என்ன கொறஞ்சு போச்சு?"

வந்தவர் தாம்பாளத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். உள்ளே வருவதா போவதா என்று நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய்ப் பாயை விரித்தேன்.

"ஏன் நிக்கிய சித்தி? உக்காருங்க. மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?"

அவர் பாயின் நுனியில் உட்கார்ந்தார். "சேர்மாதேவி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கூறைப்புடவையைப் பற்றி நானே கேட்டேன். அரக்கு என்றார். சமையலுக்கு யார் என்று கேட்டேன். அவங்க எல்லாம் பாத்துக்கிடுவாங்க என்றார். அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்விகள் எல்லாம் அத்தையுடையவை. நான் கேட்டபோது அவற்றுக்கு ஒற்றைச் சொல்தான் பதிலாக வந்தது.

எழுந்து போகும்போது அந்த அம்மாள் தாம்பாளத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். பிறகு வெற்றிலை பாக்கை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீ பிள்ளையத் தூக்கிக்கிட்டு அவசியம் வந்துரணும்" என்றார். அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்த கல்யாண வெற்றிலை எதுவும் என் கைக்கு வந்ததில்லை. அத்தைக்கு முன்னால்தான் தரையில் வைப்பார்கள்.

அவர் போனதும், நான் போகப்போவதில்லை என்று அத்தையிடம் சொன்னேன்.

"போயிட்டு வா" என்றார் அத்தை. "பந்தல்ல யாரு வெளக்கு தொங்குதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

போனேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முகூர்த்தம் பார்த்தேன். திரும்பி வந்ததும் அத்தை ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே எல்லாவற்றையும் சொன்னேன். பெண் தலை நிமிராததையும், பந்தியில் பாயசம் நீர்த்துப்போனதையும், வந்தவர்கள் யார் யார் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். விளக்கைப் பற்றிச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே போனேன்.

"வெளக்கு?" என்றார்.

"மண்ணெண்ணெய் வெளக்குதான் அத்தை. தகரம். பொகை அடிச்சுக்கிட்டே இருந்தது."

"தகரமா? ஒடையாதுல்லா. நல்லதுதான்."

பிள்ளை தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாள். கடகங்கள் இருந்த இடத்தில் கையை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பழக்கத்தால் எழுந்துபோய் அவள் விரல்களைப் பிரித்தேன்.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் என்னத்துக்குளா பாக்க?" என்றார். "வீட்டுல கண்ணாடி ஏது?"