கடைசிப் பக்கத்தில் தலை எண்ணுபவள்

அக்கா புத்தகத்தைப் பின்னாலிருந்துதான் திறப்பாள். நூலக அலமாரி முன் நின்றபடியே மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கடைசிப் பக்கத்தை முகத்தருகே கொண்டுபோவாள். உதடு அசையும். இடது கைவிரல்கள் ஒவ்வொன்றாக மடங்கும்: அப்பா, அம்மா, பெரியவன், சின்னவள். பிறகு முதல் பக்கத்துக்குப் போய் இன்னொரு தடவை எண்ணுவாள். இரண்டும் ஒத்துப்போனால் புத்தகம் பைக்குள். ஒரு தலை குறைந்தாலும் அலமாரிக்கே.

எல்லாம் தன் மகளுக்காக. பதினாலு வயது. பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் வாயே திறக்காமல் இருந்த பெண்; வீட்டில் படிக்க ஆரம்பித்த பிறகுதான் பேச்சு திரும்பியது. கணக்குக்கு நான், வரலாற்றுக்கு அக்கா. பல் செட் செய்யும் கூடத்தில் நாளெல்லாம் நின்றுவிட்டு, நகக்கண்ணில் வெள்ளைச் சாந்தோடு வந்து பாடம் சொல்வாள். ராஜாக்களின் வரிசை அவளுக்கு ஆகாது.

"அந்தக் காலத்துல ஒரு வீட்டுல என்ன சமைச்சாங்க, யாரு தண்ணி எடுத்தா, அதைப் படிச்சா போதும். சண்டையெல்லாம் தானா உள்ள வரும்."

வருடம் ஒருமுறை கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மாள் வருவார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் வீட்டுப் படிப்பு தொடரும்; இல்லையென்றால் பழைய பள்ளிக்கூடம்தான். போன வருடம் பஞ்சத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார். பெண் அழகாக எழுதினாள்: இருந்ததை எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள், கடைசியில் மழை வந்தது.

"நல்லா எழுதியிருக்கேம்மா," என்றார் அதிகாரி. "அப்ப செத்தது யாரு?"

பெண் அம்மாவைப் பார்த்தாள். அதிகாரி படிவத்தை மூடினார். "ஆறு வாரம் கழிச்சு வரேன்."

"தப்பு அவமேல இல்லீங்க," என்றாள் அக்கா. "நான்தான் செத்தவங்களையெல்லாம் நூலகத்துலயே விட்டுட்டு வந்துட்டேன்."

அடுத்த வாரம், ஒருகாலத்தில் வேண்டாமென்று வைத்துவிட்ட புத்தகம் ஒன்று வீட்டுக்கு வந்தது. பஞ்ச காலத்தில் மாவு மில் வைத்திருந்த ஒரு குடும்பம். தொடக்கத்தில் ஆறு பேர், முடிவில் மூன்று.

"நானே படிச்சுக்கறேம்மா. நான் என்ன குழந்தையா?"

"குழந்தை இல்ல, அதனாலதான் இந்தப் புத்தகம். ஆனா தனியா வேணாம். மாமாவும் உக்காரட்டும், சும்மா மோட்டுவளையத்தானே பாத்துட்டிருக்கான்."

தினமும் சாப்பாட்டு மேசையில் ஓர் அத்தியாயம், அக்கா படிப்பாள். சின்னவன் சாகும் அத்தியாயத்தில் நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குரல் பிசிறவில்லை. ஒரு சொல்லைக்கூடத் தாண்டவில்லை. பெண் அழுதபோது தோளைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். மறுநாள் கேள்விகள் கிளம்பின. தானியம் எங்கே போனது? கிடங்கைப் பூட்டியது யார்? பதில் தேடி மூவரும் வேறு புத்தகங்களுக்குள் போனோம்.

அதிகாரி வந்து அதே கேள்வியைக் கேட்டார்.

"எங்க புத்தகத்துல மொதல்ல சின்னவன்," என்றாள் பெண். "அப்புறம், எப்பவும் கடைசியா சாப்பிட உக்காந்த அம்மா. கிடங்கு நிறைய தானியம் இருந்துச்சு. சாவி வேற ஆளுங்க கையில." அதற்குப் பிறகு அரைமணி நேரம் அவள் நிறுத்தவில்லை. கையெழுத்து விழும்வரை அக்கா உட்காரவில்லை.

பல மாதம் கழித்து, அக்காவோடு வேலை பார்க்கும் பெண்ணைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன்.

"எங்க சாப்பாட்டு நேரமெல்லாம் உங்க அக்காவால போச்சு தம்பி," என்று சிரித்தார். "அந்தப் பையன் சாகற அத்தியாயத்தை அஞ்சு நாள் எங்ககிட்ட சத்தமா படிச்சுப் பழகினாங்க. மொத மூணு நாள் பாதியைத் தாண்டவே முடியல."