சாயக்கூடத்து றப்பர் மூடி

மருதமுனையில் கைருன்னிஸா சாயப்பொடி கலக்கத் தொடங்கிப் பதினொரு வருடமாகிறது. நூலில் சிவப்புச் சரியாக ஏற வேண்டுமென்றால் அவள் கைதான் வேண்டும். இப்போது அந்தச் சிவப்பு அவளுடைய சளியிலும் வருகிறது. நாலு படி ஏறினால் இழுப்பு. ஆஸ்பத்திரி டொக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: துணி மாஸ்க் முற்றம் கூட்டத்தான் சரி, இந்த நைசுப் பொடிக்கு முகத்தோடு ஒட்டி நிற்கிற, வடிகட்டி பூட்டிய றப்பர் மூடி வேண்டும், அது இல்லையென்றால் வேலையை விட வேண்டியதுதான்.

வேலையை விட்டால் அடுப்பெரியாது. ஆகவே தறிக்கூட முதலாளி மக்கீன் ஹாஜியாரிடம் போய்க் கேட்டாள். மனுசன் கொரோனாக் காலத்தில் மிஞ்சிய மாஸ்க் பெட்டியொன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தார். அவளை ஹஜ்ஜுக்கே அனுப்பிவைக்கிற தோரணை வேறு!

"இதே போதும் புள்ள. அதோட ஒனக்குத்தான் முகத்திரை இரிக்கே."

என்ன மூளை! அல்லாஹ்வுக்காக அவள் கட்டிய துணியில் தன் கஞ்சத்தனத்தை மூடப் பார்க்கிறார். இதே ஹாஜியார் சாயக்கூடத்துக்குள் ஐந்து நிமிடம் நிற்பதென்றாலும் கன்னம் இரண்டிலும் வடிகட்டி வைத்த றப்பர் மூடியோடுதான் வருவார். கேட்டால், தூசி தனக்கு ஒத்துவராதாம். மற்றவர்களுக்கெல்லாம் தேனாக இனிக்கிறதாக்கும்!

மறுநாளும் அப்படியே வந்து நின்றார். கைருன்னிஸா முந்தின நாள் கட்டிய முகத்திரையைப் பையிலிருந்து எடுத்து, உட்பக்கம் தெரிய விரித்தாள். மூக்கும் வாயும் படுகிற இடம் செக்கச்செவேலென்று இருந்தது.

"பாருங்க ஹாஜியார். இது போதுமெண்டுதானே சொன்னீங்க? இந்தாங்க, இத நீங்க கட்டுங்க. ஒங்கட மூடிய எனக்குத் தாங்க."

"என்ன புள்ள கதை இது!"

மனுசனின் கை தானாகவே போய் மூடியின் பட்டியை இறுக்கியது. நூல் பிழிந்துகொண்டிருந்த றுஸ்தா வாய்விட்டுச் சிரித்தாள்.

"அப்ப நான் போறன். சாயத்த நீங்களே கலக்குங்க."

கலக்கத் தெரிந்தால்தானே! வெள்ளிக்கிழமை கொழும்புக்குச் சாரி போயாக வேண்டும். ஹாஜியார் பொடி டின்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மூடியைக் கழற்றி நீட்டினார்.

அவள் நன்றியெல்லாம் சொல்லவில்லை. வடிகட்டிகளைக் கழற்றி வைத்துவிட்டு, றப்பரைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கழுவினாள். துடைத்து வடிகட்டிகளைத் திரும்பப் பூட்டி, சுவர்ப்பக்கம் திரும்பித் திரைக்குள்ளே மூடியைப் பொருத்திக்கொண்டு வந்து டின்னைத் திறந்தாள். பொடி கிளம்பியது. அவள் தொண்டை கரகரக்கவில்லை. ஹாஜியார்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"ஹாஜியார், அந்த மாஸ்க் பெட்டி மேசையில இரிக்கு," என்றாள் கைருன்னிஸா. "ஒங்களுக்கு அதே போதும்."